சாலே நகரத்து அந்தோனி: பட்டயங்களும் வழக்கேடுகளும் காட்டும் வாழ்க்கை

முன்னுரை

மன்னர்க்கு மெய்க்கீர்த்தி உண்டு. வள்ளலுக்குப் புலவர் பாடிய பாடல் உண்டு. இறைநேசச் செல்வர்க்கு அவர்தம் மாணாக்கர் எழுதிய வரலாறு உண்டு. ஆனால் பிழைப்புத் தேடிக் கடல் கடந்து, காடு திருத்தி, கடன் வாங்கி, அண்டை வீட்டாரோடு சண்டையிட்டு வாழ்ந்து மறைந்த குடியானவனுக்கு என்ன உண்டு? அவன் நிலம் பெற்றபோது எழுதிய பட்டயம் உண்டு; அவன் வழக்காடு மன்றத்தில் நின்றபோது எழுத்தர் பதிந்த ஏடு உண்டு. இவை இரண்டன்றி வேறில்லை. இவ்விரு வகை ஆவணங்களையும் அடுக்கிப் பார்த்து, ஒரு மனிதனின் வாழ்வை மீட்டெடுக்க முடியுமா என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்பிக்கொள்ளும் வினா.

இதற்கு நாம் எடுத்துக்கொண்டவர், 17-ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவில் ஒல்லாந்தர் அமைத்த நியூ ஆம்ஸ்டர்டாம் என்னும் சிற்றூரில் குடியேறிய அந்தோனி யான்சன் என்பார். அவ்வூரே இன்றைய நியூயார்க் மாநகரம். அந்நகரின் தொடக்க கால வரலாற்றை எழுதுவோர் எவரும் இவரைக் குறிப்பிடாமல் செல்வதில்லை. நம்மவர் சிலர் இவரை அமெரிக்க மண்ணின் முதல் முஸ்லிம் குடியேறி என்று எழுதியும் பேசியும் வருகின்றனர். அக்கூற்று எந்த அளவுக்கு நிலைபெறும் என்பதையும் நடுவுநிலை பிறழாது ஆராய்வது நம் கடமையாகும்.

பெயர்களின் சிக்கல்

ஆவணங்களின் வழியே ஒருவரைத் தேடுவோர்க்கு முதலில் எதிர்ப்படும் தடை பெயரே. அக்கால ஒல்லாந்தரில் பலர்க்கு நிலையான குடும்பப் பெயர் இல்லை. யான்சன் என்றால் யான் என்பாரின் மகன் என்பது பொருள். யான் என்பதோ ஒல்லாந்தரிடையே மிகப் பரவலாக வழங்கிய பெயர். எனவே ஒரே ஊரில் பல யான்சன்கள் இருந்தனர். அவர்களைப் பிரித்தறிய எழுத்தர்கள் ஊர்ப்பெயரையோ தொழிற்பெயரையோ சேர்த்து எழுதினர்.

நம் அந்தோனியை ஏடுகள் பலவாறு அழைக்கின்றன. சாலே ஊர் அந்தோனி யான்சன் என்கிறது ஓர் ஏடு. ஃபெஸ் ஊர் அந்தோனி என்கிறது மற்றோர் ஏடு. துருக்கர் அந்தோனி என்று சில இடங்களில் வருகிறது. கலப்பினத்தவர் என்ற குறிப்பும் உண்டு. சாலே, ஃபெஸ் இரண்டும் மொராக்கோ நாட்டு நகரங்கள். நிலமும் மனைவியின் பெயரும் ஒத்துவருவதைக் கொண்டே இத்தனை பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்று ஆய்வாளர் துணிந்தனர்.

துருக்கர் என்னும் சொல் நமக்குப் புதிதன்று. துருக்கி நாட்டை ஒருநாளும் கண்டிராத நம் முன்னோரையும் தமிழகத்தார் துருக்கர் என்றும் துலுக்கர் என்றும் அழைத்தனர். ஒரு நாட்டாரின் பெயர் ஒரு சமயத்தாரின் பெயராக விரிந்தது. ஐரோப்பாவிலும் அதுவே நிகழ்ந்தது. முஸ்லிம் நாடு எதிலிருந்து வந்தவரையும் துருக்கர் என்றழைப்பது அங்கு வழக்காயிருந்தது. ஆகவே அப்பெயர் அந்தோனி எங்கிருந்து வந்தார் என்பதற்குச் சான்றாகும்; எதை நம்பினார் என்பதற்குக் குறிப்பாகலாமே தவிர, முடிந்த சான்றாகாது. இவ்வேறுபாட்டை நாம் மனத்தில் இருத்திக்கொள்ளல் வேண்டும்.

பிறப்பும் பின்னணியும்

1629-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒரு திருமண அறிவிப்புப் பதிவாயிற்று. மணமகன் அந்தோனி யான்சன், கார்த்தகேனா ஊரினர், கடலோடி, அகவை 22. மணமகள் கிரீட்யே ரெய்னியர்ஸ் என்னும் கைம்பெண்; அகவை 27. இப்பதிவிலிருந்தே அந்தோனி 1607-ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தவர் என்று கணக்கிடுகின்றனர். கார்த்தகேனா, ஸ்பெயின் நாட்டின் தென்கிழக்குக் கரையிலுள்ள துறைமுகம்.

அவர் தந்தை யார்? ஹார்லெம் நகரத்தில் பிறந்து, கடற்கொள்ளைத் தொழில் மேற்கொண்டு, 1618-இல் வட ஆப்பிரிக்கக் கடலோடிகளால் சிறைபிடிக்கப்பட்டு, பின்னர் இஸ்லாத்தைத் தழுவி முராத் ரெய்ஸ் என்னும் பெயரோடு சாலே துறைமுகத்தின் கடற்படைத் தலைவராக விளங்கியவர் யான் யான்சோன். அவரே அந்தோனியின் தந்தை என்பது பெரும்பாலோர் கொள்கை. ஒல்லாந்துப் பெயர், சாலே ஊர்ப்பெயர், காலப் பொருத்தம் ஆகிய மூன்றும் இதற்கு அரணாகின்றன. எனினும் இன்னாரின் மகன் என்று நேரே கூறும் பதிவில்லாமையால், இது வலுவான அனுமானம் என்ற அளவிலேயே நிற்கிறது.

சாலே நகரைப் பற்றியும் சிறிது கூறல் வேண்டும். 1609 முதல் 1614 வரை ஸ்பெயின் அரசு தன் நாட்டில் எஞ்சியிருந்த மூர் மரபினரை நாடு கடத்தியது. தலைமுறைகளுக்கு முன்பே கட்டாயத்தால் கிறித்தவராக்கப்பட்டவர்கள் அவர்கள். வீடிழந்து வந்தோரில் பலர் சாலேயிலும் அதன் எதிர்க்கரையான ரபாத்திலும் குடியேறினர். அங்கே ஒரு சிறு குடியரசே தோன்றியது. ஸ்பெயினின்று துரத்தப்பட்டோரும், மதம் மாறிய ஐரோப்பியரும், மொராக்கோ மக்களும் ஒருங்கே வாழ்ந்த அத்தெருக்களில் ஒருவன் எந்த மொழியினன், எந்த இனத்தினன் என்று அறுதியிட்டுக் கூறுவது எளிதன்று. அந்தோனி அத்தகைய உலகத்தின் பிள்ளை.

வழக்கேட்டில் ஒரு குடியானவர்

ஒல்லாந்தரின் மேற்கிந்தியக் கும்பினி 1621-இல் தோன்றியது. அதன் ஆட்சியில் மன்ஹாட்டன் தீவின் தென்முனையில் ஒரு கோட்டையும் அதைச் சுற்றிச் சில தெருக்களும் எழுந்தன. 1630-களில் அங்கு வாழ்ந்தோர் சில நூற்றுவரே. 1638-இல் வில்லெம் கீஃப்ட் என்பார் ஆளுநராக வந்தார். அவ்வாண்டு முதல் தொடர்ச்சியாகக் கிடைக்கும் ஆட்சிக்குழு ஏடுகளில் அந்தோனியின் பெயர் அடிக்கடி தலைகாட்டுகிறது.

அன்று தனி நீதிமன்றம் இல்லை. ஆளுநரும் அவர்தம் குழுவுமே வழக்குக் கேட்டனர். கும்பினியின் சார்பில் குற்றம் சாட்டுவதற்கு ஓர் அதிகாரி இருந்தார். சாட்சிகள் செயலாளர் முன் வாக்குமூலம் அளித்து ஒப்பமிட்டனர். மக்களோ சிலர், வழக்குகளோ பல. ஒருவருக்கொருவர் கடன்பட்டு, ஒரே மதுக்கடையில் அமர்ந்து, ஒரே ஆலயத்திற்குத் தொழுகைக்குச் சென்றவர்கள் வாய்ச்சண்டையையும் மன்றத்திற்குக் கொண்டுவந்தனர்.

1638-இல் நடந்த ஒரு வழக்கு குறிப்பிடத்தக்கது. அந்தோனி என்னும் அதே பெயருடைய ஆப்பிரிக்கர் ஒருவர், போர்ச்சுகீசிய அந்தோனி என அழைக்கப்பட்டவர், நம் அந்தோனியின் நாய் தம் பன்றியைக் கடித்துக் கெடுத்தது என்று முறையிட்டார். மன்றம் ஆப்பிரிக்கரின் பக்கமே தீர்ப்பளித்தது. நம் அந்தோனி இழப்பீடு தர வேண்டியதாயிற்று. கும்பினியே அடிமைகளை வைத்து வேலை வாங்கிய ஓர் ஊரில், ஆப்பிரிக்கர் ஒருவர் வழக்காடி வென்றார் என்பதை இச்சிறு பதிவன்றி வேறெது நமக்குக் கூறும்?

அவருடைய பெரும்பகை, ஊரின் கிறித்தவப் போதகரான எவரார்தஸ் பொகார்டஸ் என்பாரோடு மூண்டது. போதகர்க்கு அந்தோனி 319 கில்டர் கடன்பட்டிருந்தார். அதனைச் செலுத்துமாறு மன்றம் ஆணையிட்டது. அதோடு நில்லாமல், போதகரின் மனைவியைப் பற்றி அந்தோனியின் மனைவி கிரீட்யே இழிவாகப் பேசினார் என்ற வழக்கும் எழுந்தது. போதகர் நேர்மையாளர் என்றும், தாம் கூறியது பொய் என்றும் கிரீட்யே வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் எனத் தீர்ப்பாயிற்று. கும்பினியின் ஆட்களை நோக்கித் துப்பாக்கி நீட்டினார், குடித்துவிட்டுக் கலகம் செய்தார், விறகு திருடினார் என்றெல்லாம் அந்தோனியின் மீதும் குற்றச்சாட்டுகள் குவிந்தன.

முடிவில் 1639-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் கணவன் மனைவி இருவரையும் நாடு கடத்துமாறு ஆட்சிக்குழு தீர்ப்பளித்தது. குழந்தைகளோடு வாழ்ந்த ஒரு குடும்பம், உழுத நிலத்தையும் கட்டிய வீட்டையும் விட்டுக் கடலேற வேண்டிய நிலை வந்துற்றது.

பட்டயம் சொல்லும் மறுபக்கம்

வழக்கேட்டை மட்டும் படித்து நிறுத்துவோமாயின், அந்தோனி ஒரு போக்கிரி என்றே முடிவு கட்டுவோம். பழைய வரலாற்றாசிரியர் பலர் அவ்வாறே எழுதிச் சென்றனர். ஆனால் நில ஆவணங்களைப் புரட்டும்போது வேறொரு மனிதர் தோன்றுகிறார்.

தீர்ப்பு வந்த சில திங்களிலேயே, அதாவது 1639 ஆகஸ்டில், அதே அந்தோனிக்கு லாங் ஐலண்ட் தீவின் மேற்குக் கோடியில் 100 மோர்கன் நிலம் வழங்கப்பட்டது. ஒரு மோர்கன் என்பது ஏறத்தாழ 2 ஏக்கர். ஆக 200 ஏக்கர். மன்ஹாட்டனிலிருந்து விரிகுடாவைக் கடந்து செல்ல வேண்டிய இடம் அது. இன்றைய புரூக்ளினில் கோனி ஐலண்டை ஒட்டிய பகுதி. 1643 மே 27-இல் அந்நிலத்திற்கு முறையான பட்டயமும் எழுதித் தரப்பட்டது.

நாடு கடத்தப்பட வேண்டியவர்க்கு நிலம் தருவானேன்? காரணம் தேடின் கும்பினியின் நிலைமை விளங்கும். 1639-ஐ ஒட்டிக் கும்பினி தன் உரோம வாணிக ஏகபோகத்தைக் கைவிட்டுக் குடியேறிகளை ஈர்க்க முயன்றுகொண்டிருந்தது. காடு திருத்தி உழக்கூடிய கைகள் அதற்குத் தேவை. சண்டைக்காரராயினும் அந்தோனி உழைப்பாளர். ஊருக்குள் இருந்தால் தொல்லை; விரிகுடாவுக்கு அப்பால் இருந்தால் பயன். தண்டனை தளர்ந்து, ஒதுக்கிவைத்தலாக மாறிற்று.

அந்தக் கரையில் முதன்முதலாகக் குடியேறிய ஐரோப்பிய நாட்டு வழியினருள் அந்தோனி ஒருவர். அவர் நிலம் துருக்கரின் தோட்டம் என்றே பின்னாள் வழக்கில் பெயர் பெற்றது. மன்றத்தில் இழிவாகச் சூட்டிய பெயர், மண்ணில் அடையாளமாக நின்றது. 1643-இலேயே நியூ ஆம்ஸ்டர்டாமின் பாலத்தெருவில் அவர் ஒரு வீடு வாங்கியதையும் காண்கிறோம். எந்த ஊரினின்று வெளியேறுமாறு 4 ஆண்டுகளுக்கு முன் பணித்தார்களோ அந்த ஊரிலேயே வீட்டுக்குரியவராகத் திரும்பினார்.

ஈண்டு ஒன்றைச் சொல்லாமல் செல்வது அறமன்று. அந்த 200 ஏக்கரும் ஆளில்லாக் காடன்று. லெனாப்பே மக்களின் கிளையினரான கனார்சி மக்கள் பயிரிட்டும் மீன்பிடித்தும் வாழ்ந்த நிலம் அது. கும்பினியின் எழுத்தர்க்குப் பட்டயம் எழுதத் தெரிந்தது; அம்மக்களுக்கு எழுத்தாவணம் இல்லை. 1643-இல் கீஃப்ட் தொடங்கிய போரில் அவர்களும் அண்டைக் குடியினரும் பெருந்துன்பம் உற்றனர். அந்தோனியின் பட்டயம் அப்போராண்டிலேயே எழுதப்பட்டது. ஒருவர்க்குப் புகலிடமானது பிறர் இழந்த இடம் என்பதை அந்தப் பட்டயம் சொல்லாது. படிப்பவரே உணர்தல் வேண்டும்.

அண்டை அயலும் பிற்கால வாழ்வும்

அந்தோனியின் நிலத்தை அடுத்து, டெபோரா மூடி என்னும் ஆங்கிலேயப் பெருமாட்டி தம்மைச் சார்ந்தோருடன் கிரேவ்செண்ட் என்னும் ஊரை அமைத்தார். குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காத கொள்கையால் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் இருக்க இயலாது வந்தவர் அவர். 1645-இல் கீஃப்ட் வழங்கிய பட்டயம் அவ்வூரார்க்கு மனச்சான்று உரிமையை உறுதி செய்தது. ஊரினின்று ஒதுக்கப்பட்ட துருக்கரும், சமயக் கொள்கைக்காக ஒதுங்கிய ஆங்கிலேயப் பெண்மணியும் எல்லை பொருந்த வாழ்ந்தனர். புல்வெளி யாருடையது, எல்லைக் கோடு எங்கே செல்கிறது என்று அந்தோனிக்கும் கிரேவ்செண்ட் ஊரார்க்கும் தகராறுகள் எழுந்தன. எனினும் அவை நில வழக்குகளாகவே இருந்தன.

அந்தோனிக்கும் கிரீட்யேக்கும் 4 பெண் மக்கள்: ஈவா, கொர்னேலியா, அன்னிக்கா, சாரா. நால்வரும் ஒல்லாந்து, ஆங்கிலக் குடும்பங்களில் வாழ்க்கைப்பட்டனர். அவர்தம் வழியினர் இன்று அமெரிக்கா எங்கும் பரவியுள்ளனர். பெருஞ்செல்வர்களான வான்டர்பில்ட் குடும்பத்தாரையும் அவ்வழியில் சேர்த்துக் கூறுவர் குலமரபு ஆய்வாளர்.

1647-இல் ஓர் எதிர்பாரா நிகழ்ச்சி நடந்தது. பதவி நீங்கிய கீஃப்டும், அவரோடும் பகைகொண்டுவிட்ட போதகர் பொகார்டசும் தத்தம் வழக்கை ஒல்லாந்தில் முறையிட ஒரே கப்பலில் புறப்பட்டனர். அக்கப்பல் வேல்ஸ் கரையருகே உடைந்தது. இருவரும் மூழ்கி மாண்டனர். அந்தோனியைக் கடலேற்ற முனைந்த இருவரைக் கடல் கொண்டது; அந்தோனியோ அதன்பின் ஏறத்தாழ 30 ஆண்டுகள் வாழ்ந்தார். இதில் தெய்வத் தண்டனையைக் காண்பது ஆய்வாளர் வேலையன்று. ஆயினும் மனித ஆணை எவ்வளவு நிலையற்றது என்பதை எண்ணாதிருக்க முடியவில்லை.

1664-இல் ஆங்கிலேயர் அக்குடியேற்றத்தைக் கைப்பற்றி நியூயார்க் என்று பெயரிட்டனர். 1673-இல் ஒல்லாந்தர் மீட்டனர்; 1674-இல் மீண்டும் ஆங்கிலேயரிடம் விட்டனர். இத்தனை கொடி மாற்றங்களையும் அந்தோனி கண்டார். கிரீட்யே மறைந்தபின், மெட்யே கிரேவன்ராட் என்பாரை மணந்து நகரிலேயே வாழ்ந்து, 1676-இல் காலமானார்.

சமயம் பற்றிய வினா

இனி முன்னுரையில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். அந்தோனி முஸ்லிமா? அவர் இஸ்லாத்தைத் தழுவிய ஒருவரின் மகனாகக் கருதப்படுபவர். முஸ்லிம் நகரத்திலிருந்து வந்தவர். துருக்கர் என்று அழைக்கப்பட்டவர். கிறித்தவப் போதகரோடு ஓயாது முரண்பட்டவர். இவை யாவும் ஒரு பக்கம். அவருடையதாகச் சொல்லப்படும் குர்ஆன் பிரதி ஒன்று வழிவழியாகக் குடும்பத்தாரிடம் இருந்ததென்ற செய்தியும் உலவுகிறது. அது செவிவழிச் செய்தியே. அவர் தொழுதார் என்றோ, நோன்பு நோற்றார் என்றோ, தம் சமயத்தைத் தாமே கூறினார் என்றோ பட்டயங்களும் வழக்கேடுகளும் காட்டவில்லை. பெண் மக்கள் கிறித்தவக் குடும்பங்களிலேயே கலந்துவிட்டனர்.

முதல்வர் என்ற பட்டமும் பொருந்தாது. 1528-இலேயே மொராக்கோவின் அஸம்மூர் நகரத்தவரான எஸ்தெபானிக்கோ, ஸ்பானியப் படையோடு அடிமையாக வட அமெரிக்க மண்ணை மிதித்தார். அதற்கும் முன்னரே கரிபியன் தீவுகளுக்கு ஆப்பிரிக்க முஸ்லிம்கள் விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுக்குப் பட்டயம் இல்லை. வழக்காடும் உரிமை பெரும்பாலும் இல்லை. ஆகவே ஏட்டில் பெயரில்லை. பெயர் பதிந்த ஒருவரை முதல்வர் ஆக்கினால், பெயரின்றி மாண்ட பல்லாயிரவரை நாமே இரண்டாம் முறை மறந்தவராவோம்.

இவ்வாறு கூறுவதால் நம் பெருமை குறைந்துவிடாது. உண்மைக்கு மாறான பெருமை நமக்குத் தேவையில்லை. சான்று பகர்வதில் நீதியோடு நிற்குமாறு, அது நமக்கே எதிராக இருப்பினும் தவறாதிருக்குமாறு, நம் மார்க்கம் நம்மைப் பணிக்கிறது. வரலாறு எழுதுவதும் சான்று பகர்தலே.

ஏடுகள் பிழைத்த கதை

இவ்வளவும் நாம் அறிய முடிந்தது, அந்த ஏடுகள் பிழைத்ததால். 1911 மார்ச்சில் நியூயார்க் மாநிலத் தலைநகரான ஆல்பனியின் அரசுக் கட்டடத்தில் பெருந்தீ மூண்டது. மாநில நூலகம் சாம்பலாயிற்று. ஒல்லாந்து ஏடுகள் முதன்மையற்றவை எனக் கருதப்பட்டுக் கீழ்த்தட்டில் வைக்கப்பட்டிருந்தன. மேல்தட்டு ஆங்கில ஏடுகள் சரிந்து அவற்றின்மேல் விழுந்து மூடிக்கொண்டன. மேலிருந்தவை எரிந்தன, கீழிருந்தவை விளிம்பு கருகிப் பிழைத்தன. அவற்றை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த வான் லேர் என்னும் அறிஞரின் கையெழுத்துப் படிகள் தீக்கிரையாயின. அவர் மனந்தளராது மீண்டும் தொடங்கினார். அவருடைய மொழிபெயர்ப்பின் பெரும்பகுதி 1974-இல் அச்சேறியது. அவ்வாண்டு தொடங்கிய ஒரு திட்டத்தின் வழியே சார்லஸ் கேரிங் என்னும் அறிஞர் எஞ்சிய ஏடுகளை மொழிபெயர்க்கும் பணியை மேற்கொண்டார்.

முடிவுரை

அந்தோனி அமெரிக்காவில் உழுத அதே நூற்றாண்டில், ஒல்லாந்தரின் மற்றொரு கும்பினி நம் கரையில் இருந்தது. பழவேற்காட்டில் அவர்கள் கோட்டை எழுந்தது. 1658-இல் தூத்துக்குடியும் நாகப்பட்டினமும் அவர்கள் வசமாயின. அவர்தம் எழுத்தர்கள் இங்கும் நாள்தோறும் எழுதினர். காயல்பட்டினத்து, கீழக்கரை மரைக்காயர்களின் கப்பல்களும் கொடுக்கல் வாங்கலும் அவ்வேடுகளில் இடம்பெற்றுள்ளன. வள்ளல் சீதக்காதி வாழ்ந்த கீழக்கரையின் பெருவணிகரைப் போட்டியாளராகவே அவை பேசுகின்றன. புலவர் பாட்டில் வள்ளலைக் காணும் நாம், கும்பினி ஏட்டில் வணிகரைக் காணலாம். இரண்டையும் ஒருசேரப் படிக்கும்போதே முழு மனிதர் தெரிவார்.

நம் ஊர்களின் பழைய வீடுகளில், பரண்மேலும் பெட்டிக்குள்ளும் கிரயப் பத்திரங்களும், பாகப் பிரிவினை ஓலைகளும், அரபுத்தமிழில் எழுதிய கணக்கேடுகளும், பள்ளிவாசல் வக்ஃப் ஆவணங்களும் கிடக்கின்றன. வழக்கு முடிந்தது, சொத்து கைமாறியது, இனி இக்காகிதம் எதற்கு என்று எண்ணி எரிப்போரும் உளர். செல்லரித்துப் போவனவோ பல. கீழ்த்தட்டில் கிடந்த முதன்மையற்ற ஏடே சாலே நகரத்து அந்தோனியைக் காத்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

மாணவச் செல்வங்கள் இவ்விடுமுறையில் தத்தம் இல்லத்துப் பெரியோரை அணுகி, ஒரே ஓர் ஆவணத்தையேனும் கேட்டு வாங்கிப் படியெடுத்து வைப்பார்களாக. பெரியோர்களும் மறுக்காது காட்டுவார்களாக. அதில் பெருமைக்குரியது மட்டுமே இருக்கும் என்று சொல்வதற்கில்லை. கடனும் இருக்கும், சண்டையும் இருக்கும். அவற்றையும் சேர்த்தே நம் முன்னோர் வாழ்ந்தனர். அவற்றையும் சேர்த்தே நாம் அவர்களை அறிதல் வேண்டும்.